குளிசை குடிக்க ஒரு மறைவு

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் 1 வந்தால் எய்ட்ஸ் தினக் கட்டுரைகள் வரும். "மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள்" என்ற வரி அவற்றில் தப்பாமல் இருக்கும். சரி, ஏன் குடிக்காமல் விடுகிறார்கள்?

எனக்கு உறவான ஒருவர் படுவான்கரையில் எச்.ஐ.வி.யோடு இருக்கிறார். என்ன உறவு என்று எழுதமாட்டேன், எழுதினால் ஊருக்கு ஆள் பிடிபட்டுவிடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குளிசை. 2004இலிருந்து நம் நாட்டில் இந்த மருந்து இலவசம். அவர் மறதிக்காரரும் இல்லை. வெள்ளாமைக் கடன், வட்டி எல்லாம் கொப்பி இல்லாமலே சொல்வார். ஆனாலும் மாதத்தில் நாலைந்து நாள் குளிசை தவறுகிறது.

இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். போத்தல் கிலுகிலுக்கும் என்று உள்ளே பஞ்சு அடைத்து, நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கேட்டால் "பிரஷர் குளிசை" என்பார். பிரஷர் உள்ள பெரியம்மா ஒருநாள், "எனக்கும் ஒண்டு தா மகன், தலை சுத்துது" என்று கையை நீட்டிவிட்டா. முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பினார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மூன்று நாள் போத்தலைத் தொடவில்லை.

கிளினிக் வார நாளில், காலையில். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அன்றைய கூலி போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். கதவுக்கு மேலே கொட்டை எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கிறதே, அதுதான் முடியாது. ஒருமுறை எங்களூர் ஆள் ஒருவர் எதிரே வர, மருந்து எடுக்காமலே திரும்பிவிட்டார். இரண்டு கிழமை மருந்தே இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் பாதை மறித்தபோது இன்னும் சில நாள்.

ஒழுங்காகக் குடித்துவந்தால் இரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது. விட்டு விட்டுக் குடித்தால் வைரஸ் மருந்துக்கு மசியாததாகிவிடலாம். ஆக, அவரை ஒளிய வைப்பதால் ஊருக்கும்தான் நட்டம்.

சீராகக் குடிப்பவர்களுக்கு 3 முதல் 6 மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இவரோ மாதாமாதம் அலைகிறார். மாரிக்கு முன்பாவது மூன்று மாதத்துக்குக் கொடுங்கள். கிளினிக்கை ஒரு நாளாவது மாலையில் திறங்கள். அந்தப் பலகையையும் கழற்றிவிடுங்கள். போக வேண்டியவர்களுக்கு இடம் தெரியும்.

இப்போது யானைக் காவலுக்கு வாடிக்குப் போகும்போது, டோர்ச்சில் பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குளிசையைச் சுற்றி வைத்துக்கொண்டு போகிறார். யானை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் டோர்ச்சைத்தான் நம்ப வேண்டும்.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்,
படுவான்கரை, மட்டக்களப்பு