சாட்சிக் கையெழுத்துக்கு நீ வர வேண்டும்

கொழிஞ்சாம்பாறை
27-7-2025

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆடிக்காற்று விடவில்லை. கணவாய் வழியாக வருகிற காற்று இந்த வருஷம் வாசல் முருங்கையை முறித்துப் போட்டுவிட்டது. ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி இரண்டு மாநிலத்துக்காரர்களும் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் நாம் டீ குடிக்கிற கடையை இப்போது மகன் நடத்துகிறான், பொரோட்டாவும் போடுகிறான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தேறாத நோயாளி தானே உயிரை முடித்துக்கொள்ள டாக்டர் உதவலாம் என்கிற மசோதாவுக்கு ஜூன் 20ஆம் தேதி உங்கள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நடந்த ஓட்டெடுப்பை லீட்ஸில் மகன் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருந்தாய். 314க்கு 291. போன நவம்பரில் 55 ஓட்டு வித்தியாசம் இருந்தது, இப்போது 23 ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லி, அதன்மேல் ஒரு குழுவும் சம்மதித்தால் நோயாளி மருந்தை வாங்கித் தன் கையால் எடுத்துக்கொள்ளலாம். அது சட்டமாகப் பிரபுக்கள் சபையும் சம்மதிக்க வேண்டும். "நம் ஊரில் இது இருந்திருந்தால் என் சாந்தா அந்தப் பாடு பட்டிருப்பாளா?" என்று கேட்டிருந்தாய்.

அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

மணி, கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தாலும் சாந்தாவுக்கு உதவியிருக்காது. நினைவோடு தானே கேட்டு, தானே எடுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கானது அது. சாந்தா பத்தொன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்தாள். ஐந்தாம் நாளே மூளையில் ஒன்றும் மிச்சமில்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டார்கள். அப்புறமும் தினமும் காலையில் பில் கொடுத்தார்கள். குழாயை எடுத்துவிடுங்கள் என்று நீ கேட்டபோது, "அதற்குச் சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் உங்கள் பொறுப்பில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்றார்களே, அது பொய். தெரிந்து சொன்னார்களோ, தெரியாமல் சொன்னார்களோ. சட்டத்தில் இடம் அன்றைக்கே இருந்தது.

2018 மார்ச் 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தேற வழியில்லாத நோயாளிக்கு உயிரை இழுத்துப் பிடிக்கிற சிகிச்சையை நிறுத்தலாம். கௌரவத்தோடு சாவதும் வாழும் உரிமையில் சேர்த்தி. முதலில் வைத்த நடைமுறை மாஜிஸ்திரேட், கலெக்டர் என்று சுற்றவிடுவதாக இருந்தது, ஒருவரும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அதைக் குறைத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே மூன்று டாக்டர் கொண்ட ஒரு குழு, அதைச் சரிபார்க்க இன்னொரு மூன்று பேர் குழு, ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நோயாளி முன்கூட்டி ஒன்றும் எழுதி வைக்காவிட்டாலும், வீட்டார் சம்மதத்தோடு இதைச் செய்யலாம். இதை உனக்குச் சொல்ல அங்கே ஓர் ஆளில்லை. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பஸ் ஏறி வந்திருப்பேன்.

இந்தக் கதவைத் திறந்து வைத்தது ஒரு நர்ஸ், அது உனக்கு நினைவிருக்கும். அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் வார்டு பாய் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்ததில் நினைவு போய், 2015 மே மாதம் வரை அங்கேயே கிடந்தார். அவரை விட்டுவிடுங்கள் என்று ஒரு பத்திரிகையாளர் கோர்ட்டுக்குப் போனார். கூடாது என்று எதிர்த்து நின்றவர்கள், அவரைத் தினமும் துடைத்து ஊட்டிய நர்ஸுகள். 2011இல் கோர்ட் அந்த நர்ஸுகள் பக்கம்தான் நின்றது. ஆனால் அதே தீர்ப்பில்தான் மற்றவர்களுக்கு முதல்முறையாக வழி விட்டது. தன் பெயரில் வந்த தீர்ப்பு அருணாவுக்கே ஆகவில்லை. படிக்கும்போதெல்லாம் அந்த நர்ஸுகள் செய்தது சரியா தப்பா என்று எனக்கு மாறி மாறித் தோன்றும்.

சரி, குழாயை எடுப்பது ஒன்று. மருந்து கொடுத்து அனுப்புவது வேறொன்று. நீ கேட்பது இரண்டாவது. அதற்கு நான் அக்கா கதையைச் சொல்ல வேண்டும். போனில் உன்னிடம் "அக்கா போயிட்டாங்க" என்பதற்கு மேல் சொல்லவில்லை.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் இங்கே கூட்டி வந்தேன். முதல் வாரம் அக்கா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "என்னைய அனுப்பி வுட்ரு சாமி, எதையாவது குடுத்து அனுப்பி வுட்ரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் உன் லீட்ஸ் சட்டம் இங்கே இருந்திருந்தால் ஃபாரத்தை நானே பூர்த்தி செய்திருப்பேன்.

அப்புறம் தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க வருகிற பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் சிஸ்டர் ஜீப்பில் வந்தாள். கேரளத்தில் இருப்பதில் எனக்குக் கிடைத்த நன்மைகளில் இது ஒன்று. பொள்ளாச்சியில் இருந்திருந்தால் இப்படி வீடு தேடி வந்திருப்பார்களா, தெரியாது. 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து சிறிதாகத் தொடங்கியது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் பஞ்சாயத்து நர்ஸ் வருவது இங்கே ரேஷன்கடை மாதிரி சாதாரணம். டாக்டர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினார். நான்கு மணிக்கொன்று, ராத்திரி படுக்கும்போது இரட்டை அளவு, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. போதைமருந்துச் சட்டத்துக்குப் பயந்து எத்தனையோ ஆஸ்பத்திரிகள் வருஷக்கணக்கில் இந்த மாத்திரையை வைப்பதே இல்லை. 2014இல் சட்டத்தைத் தளர்த்தியும் அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கம்மங்கூழ் கேட்டாள். அனுப்பி விடு என்ற பேச்சு நின்றுபோயிற்று.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. வலியைக் கவனித்தால் சாவைக் கேட்க மாட்டார்கள் என்று மேடையில் பேசிவிட்டு உட்காரலாம். ஆனால் தையில் கால் முழுக்க மரத்து, ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் படுக்கையிலேயே ஆகிவிட்டது. பகலில் வருகிற பெண் அன்றைக்கு வரவில்லை. நான்தான் துணி மாற்றினேன். அக்காவை உனக்குத் தெரியும். தன் டம்ளரை இன்னொருவர் எடுத்தால் திரும்பக் கழுவி வைக்கிற ஆள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துடைத்து முடிக்கும்வரை திரும்பவில்லை. அப்புறம் சொன்னாள்: "நோவுக்கு மாத்திரை குடுத்தீங்க. இதுக்கு என்ன மாத்திரை இருக்குது?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் இல்லை.

நீ வடக்கிருத்தலை, அதாவது வடக்கு பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விடுவதை, எழுதியிருந்தாய். தமிழ் வாத்தியாரிடமே புறநானூறா! ஆனால் ஒன்று கவனி. கோப்பெருஞ்சோழன் நோய்க்காக வடக்கிருக்கவில்லை. பெற்ற பிள்ளைகளே படையெடுத்து வந்த மானக்கேட்டுக்காக இருந்தான். அமெரிக்காவில் ஆரிகான் மாநிலத்தில் 1997இலிருந்து உங்கள் மசோதா மாதிரியான சட்டம் நடக்கிறது. அங்கே மருந்து கேட்டவர்கள் சொன்ன காரணங்களை வருஷா வருஷம் கணக்கெடுக்கிறார்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, மானம் போயிற்று என்பவைதான் மேலே வருகின்றன. வீட்டாருக்குப் பாரம் என்பதும் இருக்கிறது. வலி அதற்கும் கீழே. அக்கா இங்கிலீஷ் படித்ததில்லை, அந்தப் பட்டியலை அவளே எழுதின மாதிரி இருக்கிறது. இன்னொன்று: மருந்துச் சீட்டு வாங்குகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைக் குடிப்பதே இல்லையாம். அலமாரியில் இருக்கிறது என்ற தைரியமே போதுமாக இருக்கிறது போல. அந்தத் தைரியத்தை அக்காவுக்குக் கொடுக்க எனக்கு ஆசைதான்.

ஆனாலும் இங்கே அந்தச் சட்டம் வருவதற்கு நான் கை தூக்க மாட்டேன். காரணம் அந்தப் 'பாரம்' என்ற சொல். நம் வீட்டுப் பெண்கள் அறுபது வயதிலேயே, நல்லா நடக்கும்போதே, "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் மறுத்துச் சொல்வதில்லை. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று நடப்பதைக் கேள்விப்பட்டிருப்பாய். படுக்கையில் விழுந்த கிழவியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவிடுகிறார்கள், கேட்டால் பாசம் என்கிறார்கள். அங்கே கிழவியிடம் யார் கேட்டார்கள்? இரண்டு டாக்டர் கையெழுத்தும் ஒரு குழுவும் வந்தால், கேட்டதாகவே காகிதம் சொல்லும். அவளும் "ஆமாங்க" என்றுதான் சொல்வாள். லீட்ஸில் பென்ஷனும் தனி அறையும் உள்ள ஒருவர் "என் முடிவு" என்பதும், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் ஒருத்தி அதையே சொல்வதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

என்னைப் போல ஒரு வாத்தியாரும் இதைக் கேட்டிருக்கிறார், தெரியுமா? தாமஸ் மாஸ்டர். நோய் ஒன்றுமில்லை. நிறைவாக வாழ்ந்தாயிற்று, இனி நானே முடித்துக்கொள்கிறேன், இது தற்கொலை ஆகாது என்று கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். 2000இல் கோர்ட், இரண்டும் ஒன்றுதான் என்று தள்ளிவிட்டது. அவர் கேட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவரைப் பின்பற்றவும் தோன்றவில்லை.

அக்கா மாசி பிறந்து நாலாம் நாள் விடிகாலையில் போனாள். தூக்கத்தில். சிஸ்டர் மத்தியானம் வந்து தலைமாட்டில் சிறிது நேரம் நின்றுவிட்டு, மீதி மாத்திரைகளை எண்ணி, எழுதி, திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது என் காரியம். எனக்கு எழுபத்தொன்று. மருந்து வேண்டாம், ஆனால் சாந்தா கிடந்த மாதிரி கிடக்க மாட்டேன். உயில் மாதிரி முன்கூட்டியே எழுதி வைக்கலாம், 2023க்குப் பிறகு நோட்டரி முன்னாலோ கெஜட்டட் ஆபீசர் முன்னாலோ கையெழுத்துப் போட்டால் போதும். தேற வழியில்லை என்றால் வென்டிலேட்டர் வேண்டாம், மூக்குக் குழாய் வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து வேண்டும் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என் சார்பில் பேச மூத்தவள் பெயரைப் போட்டிருக்கிறேன். சின்னவனிடம் காட்டினேன், அழுதுவிட்டு எழுந்து போனான். இன்னொரு தடவை பேச வேண்டும்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். சொந்தக்காரர் அல்லாதவராக இருந்தால் நல்லது. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். தையில் நீ வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா, இன்னொரு கையெழுத்தை அதுவரை காலியாக வைத்திருக்கிறேன். 1981இல் உனக்கும் சாந்தாவுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசில் நான் சாட்சி போட்டேன், பேனா மை ஒழுகி உன் சட்டை பாழாயிற்று. அந்தக் கடன் இருக்கிறது. ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வா. உன்னுடையதை எழுதுவதென்றால் அதே நாளில் முடித்துவிடலாம், நோட்டரிக்கு ஒரே ஆட்டோவில் போய் வரலாம்.

அன்புடன்,
கந்தசாமி