கடல்காற்று பட்டதற்கு அபராதமா? – கடலோர சைக்கிள் பயணம் குறித்த புகாரும் வைப்புத்தொகைக் கோரிக்கையும்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: தொண்டி – தனுஷ்கோடி சைக்கிள் பயணத்தில் நேர்ந்த சேவைக் குறைபாடுகள், பிடித்தம் செய்த வைப்புத்தொகையைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி, வாட்ஸ்அப், மின்னஞ்சல், மதுரைக் கிளை என்று ஒரு கதவு விடாமல் தட்டிப் பார்த்து, எல்லா இடத்திலும் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுச் சலித்துப்போன பிறகு, அந்த மேலிடம் தாங்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். பயணப் பதிவு எண்ணும், பதிவின்போது தாங்கள் தந்த பச்சைச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன்.

தை மாதத்தில் நானும், என் தங்கையின் கணவரும், கல்லூரியில் கடல்சார் உயிரியல் படிக்கும் அவர்கள் மகளும் தங்கள் மூன்று நாள் சைக்கிள் பயணத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்தோம். தொண்டியில் தொடங்கி, காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் படகில் பார்த்துவிட்டு, உப்பூர் வழியாகத் தேவிப்பட்டினத்தில் தங்குவது. மறுநாள் வைகையின் மிச்ச நீர் கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் கழிமுகத்தைப் பார்த்து மண்டபம் சேர்வது. கடைசி நாள் பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடிப்பது என்பதுதான் தாங்கள் அச்சிட்டுக் கொடுத்த வழி. புறப்படுவதற்கு முந்தைய இரவு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இராமேஸ்வரத்திலிருந்து தொண்டிக்கு என்று வழியைத் தலைகீழாக்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். தங்கள் வேன் அங்கே நின்றதால் அப்படிச் செய்ததாக ஓட்டுநர் பிறகு சொன்னார்.

இதை ஒரு சிறிய மாற்றம் என்று தங்கள் ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தை மாதத்தில் இந்தக் கரையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பது பாம்பனில் வலை காய வைக்கும் சிறுவனுக்கும் தெரியும். தொண்டியிலிருந்து தெற்கே வந்தால் அந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். தேவிப்பட்டினத்திலிருந்து வடக்கே போனால் அதே காற்று நெஞ்சில் நின்று மறிக்கும். கடலோரப் பயணத்தை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்குக் காற்று எந்தத் திசையில் வீசும் என்பது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தே செய்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அது மட்டுமன்று. விடியற்காலையில் வர வேண்டிய வாடகைச் சைக்கிள்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே இராமேஸ்வரம் வந்து சேர்ந்தன. அரிச்சல்முனைச் சாலை தொடங்கும் முகுந்தராயர் சத்திரத்தை நாங்கள் அடைந்தபோது, பொழுது சாய்ந்துவிட்டது என்று காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2017-இல் திறக்கப்பட்ட அந்த 9.5 கிலோமீட்டர் சாலையில், ஒரு பக்கம் பெண்கடல் எனப்படும் வங்கக்கடல், மறுபக்கம் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா என்று தங்கள் விளம்பரப் படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறாரே, அந்தச் சாலையில் எங்கள் சக்கரம் ஒரு முழம்கூட உருளவில்லை. அந்தப் பருவத்தில் அங்கே இறங்கும் பூநாரைகளைப் பார்ப்பதற்கென்றே என் தங்கை மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கடல்சார் உயிரியலே வேண்டாம், வேறு படிப்புக்கு மாறிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லும் அளவுக்கு நிலைமை போயிற்று என்றால், இழப்பின் அளவைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மதுரைக் கிளையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னர் எழுதக் கை ஓடாது. மூலச் சீட்டுடன் நேரில் வந்தால் வைப்புத்தொகையை உடனே தருவதாகத் தொலைபேசியில் உறுதியளித்ததால்தான், இராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். முகப்பு மேசையில் இருந்த இளைஞர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கணினி வேலை செய்யவில்லை என்றார்; பிறகு, கோப்பு சென்னைக்குப் போய்விட்டது என்றார்; அப்படியானால் என்னை ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஓட்ட முடியாதவங்க எல்லாம் ஏன் சார் சைக்கிள் டூருக்கு வர்றீங்க, பஸ்ல போக வேண்டியதுதானே" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்குச் சைக்கிளிலேயே போய்வந்த ஆசிரியன் நான். அந்தச் சொல்லை இன்னும் விழுங்க முடியவில்லை.

பஞ்சர் ஆன கதைக்கு வருகிறேன். திருப்பாலைக்குடி தாண்டி, நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில், என் தங்கை கணவரின் வண்டியில் சீமைக்கருவேல முள் ஏறியது. எங்கள் மாவட்டத்தில் சாலையோரம் முழுக்க அந்த மரம்தான். அதன் முள் செருப்பையே துளைக்கும். இங்கே கொடுக்க வேண்டியது தடித்த டயர் போட்ட தங்கள் முதல் வகை வண்டி. பச்சைச் சீட்டில் எழுதியிருப்பதும் அதுவே. தந்ததோ மெல்லிய டயர் போட்ட இரண்டாம் வகை. அதன் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்பதும், ஊர்க் கடைப் பம்பு அதில் பொருந்தாது என்பதும், அதற்கென ஓர் இணைப்பான் வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே. பழுதுபார்க்கவென்று தாங்கள் தந்த சிவப்புப் பையில் அது இல்லை. மாற்று டியூபும் இல்லை. துணைக்கு வர வேண்டிய வேனை அழைத்தால், ஓட்டுநர் தொண்டியில் ஓய்வெடுக்கிறார் என்றார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தபோது, கடைக்காரர் பார்த்துவிட்டு, "இந்த வால்வுக்கு நம்ம பம்பு சேராதுண்ணே" என்று வருத்தத்தோடு சொன்னார். தண்ணீர் கொடுத்தார். தங்கள் நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்களைவிட அந்த மனிதர் ஒரு சொம்புத் தண்ணீரால் எங்களுக்கு அதிகம் உதவினார்.

இதனால் காரங்காட்டுக்கு நாங்கள் சேர்ந்தபோது வனத்துறைப் படகுகள் நிறுத்தப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய நாள் ஆற்றங்கரைக்குப் போனபோதும், வழிகாட்டிக்குப் பதிலாகத் தாங்கள் அனுப்பிய கைப்பேசி வரைபடம் எங்களை மணலில் இறக்கிவிட்டது. மெல்லிய டயர் மணலில் புதையும் என்பதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. ஆக, அரிச்சல்முனை, கழிமுகம், அலையாத்திக் காடு ஆகிய மூன்றுக்குமாகப் பணம் வாங்கிக்கொண்டு, மூன்றில் ஒன்றையும் காட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு, நான் கட்டிய ரூ. 15,000 வைப்புத்தொகையில் ரூ. 11,400-ஐத் தாங்கள் பிடித்துக்கொண்டு அனுப்பிய கணக்கைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. "உப்புக்காற்றால் செயினில் துரு" என்று மூன்று வண்டிக்கும், "ரிம் வளைவு" என்று ஒரு வண்டிக்கும் தொகை போட்டிருக்கிறீர்கள். கடலோரமாக ஓட்டுவதற்கென்றே வாடகைக்கு விட்ட வண்டியில் கடல்காற்று பட்டதற்கு அபராதம் விதித்த முதல் நிறுவனம் தாங்களாகத்தான் இருப்பீர்கள். மூன்று நாளில் அந்த அளவுக்குச் செயின் துருப்பிடிக்காது. வண்டிகளை இறக்கிய உடனேயே என் தங்கை மகள் எடுத்த படங்களில் அந்தத் துரு தெளிவாக இருக்கிறது. படங்களில் தேதியும் நேரமும் பதிவாகியுள்ளன. ரிம் வளைந்ததற்குக் காரணம், காற்றிறங்கிய சக்கரத்தோடு வண்டியைத் தள்ள வைத்த, வராத வேன்.

நியாயம் கிடைக்காவிட்டால் வழக்குத் தொடுப்பேன் என்று நான் சொன்னபோது, அதே மதுரை இளைஞர், நிபந்தனைகளின்படி சென்னையில்தான் வழக்குப் போட முடியும் என்றார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தை அணுகலாம், ரூ. 5 லட்சம் வரை கொடுத்துப் பெற்ற சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. தங்கள் நிறுவனம் இந்தக் கரைக்கு நாலு பேரை அழைத்துவருவது நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அதனால் வியாபாரம் உண்டு.

ஆகவே, பிடித்தம் செய்த ரூ. 11,400-ஐ முழுமையாகவும், பயணக் கட்டணத்தில் பாதியையும், இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மதுரைக் கிளையின் அந்த ஊழியர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மன உளைச்சலுக்கு ரூ. 1,00,000 இழப்பீடும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். மனு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. தேதி மட்டும்தான் இடவில்லை.

இப்படிக்கு,
பச்சைச் சீட்டில் கண்டுள்ள பயணப் பதிவாளர்,
இராமநாதபுரம்.

பின்குறிப்பு: பணத்துக்குப் பதிலாக "அடுத்த பயணத்துக்கான கூப்பன்" தருவதாக வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நான் ஏற்கவில்லை. தயவுசெய்து அதை மறுபடியும் அனுப்ப வேண்டாம்.