தையல் மேசையின் உயரத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பின்னலாடைத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பஞ்சுத் தூசியும் வெப்பமும் அதில் இடம்பெற்றிருந்தன. கழுத்தும் தோளும் விடுபட்டுவிட்டன. 1993இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ரூலா’ முறைப்படி, வேலை செய்பவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எவ்வளவு வளைந்திருக்கின்றன என்று பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடலாம். 7 வந்தால் வேலை முறையை உடனே மாற்றியாக வேண்டும். இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

திருப்பூரில் 19 ஆண்டுகள் ஓவர்லாக் (துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் இயந்திரம்) டெய்லராக இருந்தவள் நான். குனிந்தே தைத்துத் தைத்து, காலையில் கையைத் தூக்கிச் சடை பின்னக்கூட முடியாத நிலை வந்தது. மெக்கானிக் அண்ணன் மேசைக் கால்களுக்கு அடியில் மூன்று அங்குலக் கட்டைகளை வைத்துக் கொடுத்த பிறகுதான் கழுத்து நிமிர்ந்தது. அந்தக் கட்டைகளுக்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்! கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய தமிழக அரசு, ஆய்வுக்கு வரும் தொழிற்சாலை ஆய்வாளர்கள் தையல் வரிசையில் அரைமணி நேரம் நின்று இந்த ரூலா மதிப்பெண்ணையும் பதிவு செய்ய உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, திருப்பூர்