ஜஸ்டினுக்கு யார் வக்கீல்?

திருநெல்வேலி

அன்புள்ள வசந்தாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் இப்போதே திட்டி முடித்துவிடு, மேற்கொண்டு சொல்ல நிறைய இருக்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தேன்மொழி அக்கா அதே வீட்டில், அதே கோபத்தோடு இருக்கிறார். பெரிய மிஸ்ஸின் மகன் வந்து வீட்டை விற்றுவிட்டுப் போனான். மாமரத்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் பழைய கட்சிக்காரன். சட்டம் படிப்பதற்கு முன்பே, விடுதியில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்து நீ யாருக்காக வாதாடினாயோ, மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விக்டர் என்ற ஆராய்ச்சியாளன் உயிர் கொடுத்துவிட்டுக் கைவிட்ட, அந்தப் பெயரில்லாத படைப்பைத்தான் சொல்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் அந்த நாவலை எடுத்துக்கொண்டோம். கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னிடம் வந்து, பள்ளி மாணவர்களுக்குக் கொடுப்பதற்காக 'இந்நூல் உணர்த்தும் நீதிகள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். ஆங்கில இலக்கியம் நடத்தியே ஓய்வு பெற்றவளுக்கு இது ஒரு மாலை நேரத்து வேலை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு நீதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், ஆராய்ச்சிக்கு எல்லை வேண்டும் என்று தொடங்கிச் செயற்கை நுண்ணறிவு வரைக்கும் போய்விட்டார். திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர், படைப்பது ஆண்டவன் தொழில், அதில் மனிதன் கை வைத்தால் இப்படித்தான் முடியும் என்றார். கைக்குழந்தையோடு வந்திருந்த இளம்பெண் ஒருத்தி, பெற்றால் மட்டும் போதாது, வளர்க்கவும் வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். படைப்புக்கு உயிர் வந்த இரவில், விக்டர் பயந்து ஓடிப் போய்ப் படுக்கையில் விழுகிறான் அல்லவா? அது வந்து கட்டில் திரையை விலக்கிப் பார்க்கிறது. வாய் திறந்து ஏதோ ஒலிக்கிறது. கன்னம் சுருங்கச் சிரிக்கிறது. ஒரு கையை நீட்டுகிறது. பிறந்த குழந்தை செய்வது இவ்வளவுதானே, இதற்கா ஓடினான் என்று கேட்டாள். பொறியாளரிடம் அதற்குப் பதில் இல்லை.

அவளுக்கு நான் மேரி ஷெல்லியின் நாட்குறிப்பைப் பற்றிச் சொன்னேன். 1797-இல் தன்னைப் பெற்ற சில நாட்களிலேயே தாயை இழந்தவள் மேரி. 1815-இல் குறைமாதத்தில் பிறந்த அவளுடைய முதல் குழந்தையும் சில நாட்களில் இறந்தது. குழந்தை குளிர்ந்துதான் கிடந்தது, கணப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் பெற்றது என்று கனவு கண்டதாக அந்த மார்ச் மாதம் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஆண்டு கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் இந்தக் கதையைத் தொடங்கியபோது அவளுக்கு வயது 18. இதைக் கேட்ட பிறகு, ஆண்டவன் தொழில் என்று சொன்ன பெரியவர்கூடச் சிறிது நேரம் பேசவில்லை.

நீதி தேடும் பழக்கம் எங்கள் வட்டத்தில் தொடங்கியதன்று. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் நாவல் வெளியானது. அந்த ஆண்டே 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழ், நடத்தைக்கோ ஒழுக்கத்துக்கோ பயன்படும் பாடம் எதுவும் இதில் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டது. கணவர் பெர்சி ஷெல்லியோ அதற்கு நேர் எதிராக, ஒருவனைக் கெட்டவிதமாக நடத்தினால் அவன் கெட்டவனாகிறான் என்பதே நூலின் நேரடியான நீதி என்று ஒரு மதிப்புரை எழுதி வைத்தார். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1832-இல்தான் அது அச்சேறியது. இதற்கிடையே 1823-இல் லண்டனில் கதை மேடையேறியது. ஒழுக்கக்கேடான நூலிலிருந்து எடுத்த நாடகம் என்று எதிர்ப்புக் கிளம்பவே, இயற்கையின் மறைபொருளை அளவு கடந்து துருவும் அகந்தையால் விளையும் கேடுதான் கதையின் நீதி என்று நாடக விளம்பரத்திலேயே அச்சிட்டார்கள். நாடகத்தின் தலைப்பே 'அகந்தை' என்பதுதான். அந்த மேடையில் உன் கட்சிக்காரனுக்கு ஒரு வசனமும் கிடையாது என்பதைக் கவனி. நாவலில் பக்கம் பக்கமாக வாதாடுகிறவனை ஊமையாக்கிய பிறகு, அகந்தையைத் தவிர வேறு எந்த நீதி மிஞ்சும்? 1931-இல் வந்த திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றவாளியின் மூளையைத் தவறுதலாக எடுத்து வைத்துவிட்டதாகக் காட்டியது. பிறவியிலேயே கெட்டவன் என்று தீர்ந்தால், மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இவற்றையெல்லாம்விட என்னைத் திடுக்கிடச் செய்தது 1824 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் கேனிங் ஆற்றிய உரை. அப்போது அவர் வெளியுறவு அமைச்சர். பேச்சு மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளைப் பற்றியது. உடல் வலிமையில் ஆளாகி, அறிவில் குழந்தையாக இருக்கும் ஒருவனை அப்படியே விடுதலை செய்வது, அண்மையில் வெளிவந்த ஒரு நாவலில் வரும் படைப்பை எழுப்பி விடுவதற்கு ஒப்பாகும் என்றார். ஒதுக்கப்பட்டவனின் குரலை நூலின் நடுவே வைத்து ஒரு பெண் எழுதிய கதை, ஆறே ஆண்டுகளில், மனிதர்களை விலங்கோடு வைத்திருப்பதற்கு நியாயமாகிவிட்டது. வாசகர் வட்டத்து மேடையில் நின்றபடி அந்த உரையை மனத்துக்குள் எங்கள் பொறியாளரின் பேச்சோடு ஒட்டிப் பார்த்தேன், பாவம், அவர் நல்ல மனிதர். ஆனால் நீதியை முதலில் தீர்மானித்துவிட்டுக் கதைக்குள் நுழைகிறவர்களிடம் எனக்கு அன்றிலிருந்து ஒரு பயம் வந்துவிட்டது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ அன்று சொன்னதும் பெர்சி ஷெல்லி சொன்னதும் ஒன்றே. அவன் கெட்டவனாகப் பிறக்கவில்லை, ஆக்கப்பட்டான் என்பதை நான் மறுக்கவில்லை. தான் ஒளிந்திருந்து கவனித்து வந்த டி லேசி குடும்பம் வறுமையில் இருப்பதை அறிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்திவிட்டு, இரவோடு இரவாக அவர்களுக்கு விறகு சேர்த்துப் போட்டான். பார்வையற்ற பெரியவர் அன்பாகப் பேசினார்; பார்வையுள்ள மகன் ஃபீலிக்ஸ் வந்து தடியால் அடித்தான். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றியதற்குத் துப்பாக்கிக் குண்டு பரிசாகக் கிடைத்தது. எல்லாம் சரி. அதன் பிறகு விக்டரின் தம்பி, குழந்தை வில்லியமின் கழுத்தை நெரித்தானே, அதையும் ஆத்திரத்தின் கணக்கில் எழுதிக்கொள். ஜஸ்டினை எந்தக் கணக்கில் எழுதுவாய்?

உன் வாதங்களில் அவள் பெயர் ஒருமுறைகூட வந்ததாக எனக்கு நினைவில்லை. வில்லியமைத் தேடி அலைந்து, ஜெனீவாவின் கோட்டைக் கதவு அடைத்துவிட்டதால் ஊருக்குள் திரும்ப முடியாமல், ஒரு தொழுவத்தில் படுத்துக் கண்ணயர்ந்த, விக்டர் வீட்டு வேலைக்காரப் பெண். செத்த குழந்தையின் கழுத்திலிருந்து எடுத்த சிறு ஓவியத்தை உன் கட்சிக்காரன் அவளுடைய உடையின் மடிப்பில் செருகிவிட்டுப் போகிறான். அது ஆத்திரத்தில் செய்த செயலன்று. ஃபீலிக்ஸ் நடத்திய பாடங்களாலும், மனிதர்களின் இரத்த வெறி பிடித்த சட்டங்களாலும், கேடு செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன் என அவனே பெருமையாகச் சொல்கிறான். எந்தப் பொருள் யாரிடம் அகப்பட்டால் யார் தூக்கில் தொங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் தெரிந்த கட்சிக்காரனைப்போல் வக்கீலுக்கு ஆபத்தானவன் இல்லை என்று நீயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய்.

விக்டர் என்ன செய்தான்? கொன்றவன் யார் என்பது அவனுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறான். அவன் பின்னாளில் மணக்கும் எலிசபெத் எழுந்து ஜஸ்டினுக்காகப் பேசுகிறாள், அவன் பேசவில்லை. பாவ அறிக்கை கேட்க வந்த பாதிரியார், சபையிலிருந்து விலக்கிவிடுவேன், நரகம்தான் என்று மிரட்டி மிரட்டி, செய்யாத கொலையைச் செய்ததாக அவளை ஒப்புக்கொள்ள வைக்கிறார். தூக்குக்கு முந்தைய நேரத்தில், எலிசபெத்துக்கு ஆறுதல் சொல்வதும் அவள்தான். இந்த அத்தியாயத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருந்தும், இம்முறை படித்தபோதுதான் ஓர் இடத்தில் என் கண் நின்றது. விசாரணை நடக்கும்போது விக்டர் தனக்குள் சொல்லிக்கொள்கிறான்: குற்றம் சாட்டப்பட்டவளின் வேதனை என் வேதனைக்கு ஈடாகாது, அவளைக் குற்றமின்மை தாங்குகிறது, என்னையோ குற்ற உணர்வின் பற்கள் கிழிக்கின்றன. பிறகு நூலின் கடைசிப் பக்கத்தில், பனிக்கடல் கப்பலில், விக்டரின் பிணத்தைப் பார்த்து உன் கட்சிக்காரன் சொல்வதை எடுத்துப் படி: நீ பட்ட துன்பத்தைவிட என் துன்பம் பெரிது, ஏனெனில் குற்ற உணர்வின் கொடுக்கு சாகும்வரை என் புண்களில் குத்திக்கொண்டே இருக்கும்.

வசந்தா, இரண்டும் ஒரே வாதம். படைத்தவனும் படைக்கப்பட்டவனும் தாம் அழித்தவர்களின் முன்னே நின்று, உன்னைவிட எனக்குத்தான் வலி என்கிறார்கள். முகத்தில் ஒற்றுமை இல்லாத தந்தைக்கும் மகனுக்கும் இதில்தான் சாயல் இருக்கிறது. நாமும் இத்தனை காலம் இவர்கள் இருவரில் யார் அதிகம் துன்பப்பட்டவன் என்றே சண்டை போட்டோம். ஆராய்ச்சியின் எல்லை, ஆண்டவனின் தொழில், பெற்றவனின் கடமை என்று எந்த நீதியை எடுத்தாலும் அது இந்த இருவரைப் பற்றியதாகவே முடிகிறது. ஜஸ்டின் எந்த நீதியிலும் இல்லை.

விக்டரின் வாயால் வரும் நீதியையாவது எழுதிக் கொடுக்கலாமென்றால், அதற்கும் வழியில்லை. 1831-ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில், தன் கதையிலிருந்து தகுந்த நீதியை நீ எடுத்துக்கொள்ளலாம் என்று கப்பல் தலைவன் வால்டனிடம் அவன் சொல்கிறான். அதே மனிதன், பனியில் சிக்கிய மாலுமிகள் ஊர் திரும்பக் கேட்டதும், கோழைகளே, வீரர்களாகத் திரும்புங்கள் என்று சொற்பொழிவாற்றுகிறான். சாகும் தறுவாயில், அமைதியில் இன்பத்தைத் தேடு, பேராசையை விலக்கு என்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள், இதை ஏன் சொல்கிறேன், நான் தோற்றேன், இன்னொருவன் வெல்லக்கூடுமே என்று சேர்த்துக்கொள்கிறான். இந்த மனிதனின் சொல்லை நம்பி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன நீதி எழுதுவது?

ஆகவே செயலாளரிடம் ஒன்று சொன்னேன். நீதிகளின் பட்டியல் வேண்டாம். விசாரணை நடக்கும் எட்டாவது அத்தியாயத்தை எளிய தமிழில் பெயர்த்துத் தருகிறேன், பிள்ளைகள் படித்துவிட்டு, விக்டர் எழுந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதட்டும் என்றேன். அவர் 'பார்க்கலாம்' என்றார். அவருடைய 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்பது நம் பெரிய மிஸ்ஸை அறிந்த உனக்குப் புரியும். இருந்தாலும் நான் பெயர்க்கத் தொடங்கிவிட்டேன்.

அதற்காகத்தான் உன் உதவி தேவைப்படுகிறது. கொலை நடந்தபோது நான் அங்கே இல்லை, சொன்னால் பைத்தியக்காரனின் பிதற்றல் என்பார்கள், அவளும் விடுதலையாக மாட்டாள் என்று விக்டர் தன் மௌனத்துக்குக் காரணம் சொல்கிறான். இது சாக்கு என்பது என் கட்சி. ஆனால் எலிசபெத்தும் தந்தையும் செத்த பிறகு ஜெனீவாவின் நீதிபதி ஒருவரிடம் போய் அவன் முழுவதையும் சொல்லும்போது, அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் காய்ச்சல் கண்டவனிடம் பேசுவதுபோல்தான் பேசுகிறார் என்பதும் நூலில் இருக்கிறது. நீ ஜஸ்டினின் வக்கீலாக இருந்தால், இப்படிப்பட்ட ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுவாயா, மாட்டாயா? ஏற்றினால் முதல் கேள்வி என்ன கேட்பாய்? உன் பழைய கட்சிக்காரனை ஒரு வாரம் மறந்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுது. மாப்பிள்ளையிடம் சொல்லித் தபாலில் போடச் சொல்லாதே, போன முறை போல அவர் சட்டைப் பையிலேயே கிடக்கும்.

அன்புடன்,
கோமதி