தகரப் பெட்டியில் வந்த போர்: கண்காட்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். அரசலாற்றங்கரையில் இருக்கும் நம் வாசகசாலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரப் பெட்டி வந்தது. லாவோஸ் நாட்டின் தலைநகர் வியஞ்சானில் துணிக்கடை நடத்திவிட்டு 1975-ல் ஊர் திரும்பிய குடும்பத்தார் கொடுத்தது. அந்த நாடும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, காரைக்காலும் அவன் கையில் இருந்தது. அதனால் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். வியஞ்சான் ஜாமியா பள்ளிவாசலில் தமிழ் எழுத்து உண்டு.

பெட்டிக்குள் ரசீதுகள், குடும்பப் படங்கள், கொஞ்சம் கடிதங்கள். 1969-ல் எழுதிய ஒரு கடிதத்தில், வடக்கேயிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவதாகவும், துணி கேட்கிறவர்களிடம் காசு வாங்க மனம் வரவில்லை என்றும் இரண்டே வரி. அவர்கள் எதற்குப் பயந்து ஓடி வந்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்த வேலை தொடங்கியது.

அவர்களில் பலர் தாழிச் சமவெளியிலிருந்து வந்தவர்கள். நம் முதுமக்கள் தாழிக்கு அண்ணன் முறை என்று சொல்லத்தக்க பெரிய கல் தாழிகள் கிடக்கும் பூமி அது. 1962 ஜெனீவா உடன்பாட்டின்படி லாவோஸ் நடுநிலை நாடு. அதனால் அங்கே லாவோஸ் கம்யூனிஸ்டுகளுக்கும் அவர்களுக்குத் துணை நின்ற வட வியட்நாமுக்கும் எதிராகத் தாங்கள் போர் நடத்துவதை அமெரிக்கா வெளியே சொல்லவில்லை. தன் படை அங்கே இல்லை என்றே வட வியட்நாமும் சொல்லிக்கொண்டிருந்தது. கண்காணிக்க ஒரு பன்னாட்டு ஆணையம் இருந்தது. அதற்குத் தலைமை வகித்தது இந்தியாதான். பார்க்க வேண்டிய இடங்களுக்கு அந்த ஆணையத்தால் போக முடியவில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மலைவாழ் ஹ்மாங் மக்களைக் கொண்டு, வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் ஒரு கெரில்லாப் படை கட்டியது. அதன் தலைமையிடமான லோங் தியெங்கில் பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அன்றைய வரைபடங்களில் அப்படி ஓர் ஊரே கிடையாது.

யாரும் பார்க்காத போருக்கு ஆள் குறைந்தால் யாரைப் பிடிப்பார்கள்? அங்கே உதவிப் பணியில் இருந்த எட்கர் புயெல் என்ற அமெரிக்கர் 1968-ல் சொன்ன கணக்கு இது: புதிதாகச் சேர்த்த 300 பேரில் 30 சதவீதத்தினர் 14 வயதோ அதற்குக் கீழோ. அவர்களில் பத்துப் பேருக்கு வயது 10. இன்னொரு 30 சதவீதத்தினருக்கு 15, 16. மீதிப் பேர் வயது முதிர்ந்தவர்கள். நடுவில் இருக்க வேண்டியவர்கள் செத்துப் போய்விட்டார்கள் என்றார் அவர்.

நெல் விளையும் மண்ணில் பிறந்த நம்மை உலுக்குவது வேறொன்று. போரினால் மலையில் பயிர் வைக்க முடியாத ஹ்மாங் கிராமங்கள், அமெரிக்க விமானத்திலிருந்து போடும் அரிசியை நம்பியே உலை வைத்தன. லோங் பொட் பகுதி மக்கள் இனிமேல் பையன்களை அனுப்ப மாட்டோம் என்றபோது அந்த அரிசி நின்றுபோனது. 1971-ல் நேரில் போய்க் கேட்டறிந்து இதைப் பதிவு செய்தவர் ஆல்ஃபிரட் மெக்காய் என்ற அமெரிக்க ஆய்வாளர். எதிர்த்தரப்பும் கிராமத்தாரைச் சுமை தூக்க வைத்தது. அதையும் கண்காட்சியில் மறைக்கப் போவதில்லை.

1964 முதல் 1973 வரை அந்தச் சிறிய நாட்டின்மேல் அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. மண்வெட்டி போடும்போதும், அடுப்பு மூட்டிய இடத்திலும் வெடித்திருக்கின்றன. பந்தென்று எடுத்து விளையாடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் மாண்டார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “கூப்பிடு தூரத்தில் ஈழம் இருக்க, லாவோஸ் எதற்கு?” நியாயமான கேள்வி. ஈழப்போரிலும் சிறுவர்கள் ஆயுதம் தூக்க வைக்கப்பட்டார்கள், சனங்கள் குண்டுக்கு நடுவே சிக்கினார்கள். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் நாம் இரண்டு கட்சியாகி விடுகிறோம். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு காணாமல் போய்விடுகிறது. தூரத்துக் கதையை முழுதாகக் கேட்ட பிள்ளைகள் பக்கத்துக் கதையைத் தாங்களே கேட்பார்கள் என்பது எங்கள் கணக்கு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தோம், அப்படித்தான் கேட்டார்கள்.

திட்டம் இதுதான். பள்ளிக்குப் பள்ளி கொண்டுபோகும்படி 24 விளக்கப் பலகைகள், மாணவர்களுக்கு ஒரு சிறு நூல், பெட்டி இருக்கும் அறையின் ஓட்டை மாற்றுவது. (ஐப்பசி மழையில் படங்கள் பாதி பூஞ்சை பிடித்துவிட்டன, அது எங்கள் அசட்டை.) மொத்தம் ரூ. 2,40,000 தேவை. இதுவரை சேர்ந்தது ரூ. 61,500. இந்தப் பணம் லாவோஸுக்குப் போகாது, இங்கேயே செலவாகும். இதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம், பிறகு வருத்தம் வேண்டாம்.

சம்பா அறுவடை முடியும் வரை வசூல் உண்டு. பணமாகத் தர இயலாதவர்கள் நெல்லாகத் தரலாம். ஒரு மரக்கால் ஆனாலும் ரசீது போடுவோம். தச்சு வேலை, ஓடு மாற்றும் வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் வந்தாலும் போதும். வாசகசாலை மாலை 5 முதல் 8 வரை திறந்திருக்கும். கணக்கை மாதந்தோறும் வாசல் பலகையில் எழுதுகிறோம்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பாட்டனார் யாராவது வியஞ்சானில் இருந்திருந்தால், பரணில் கடிதமோ படமோ கிடக்கும். கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்