நான்கு டயரையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என்னிடம் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் இருக்கிறது. பின்சக்கரங்களால் ஓடும் வண்டி. பின் டயர்கள்தான் முந்தித் தேய்கின்றன. சென்ற மாதம் மட்டக்களப்பில் ஒரு கடையில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். டயர் பள்ளங்களின் ஆழத்தை அளந்து காட்டக் கேட்டேன், அளவுகோல் இல்லையாம். வீட்டு முற்றத்தில் நானே குந்தியிருந்து அளந்தேன்: முன்னால் 6 மில்லிமீற்றர், பின்னால் 2. பள்ளத்தின் அடியில் தேய்மான எல்லையைக் காட்டும் 1.6 மில்லிமீற்றர் மேடு விரலில் தட்டுப்பட்டது.

பின்னிரண்டும் போதும் என்று முடிவு செய்தேன். முன்னால் உள்ள அதே கம்பனி, அதே ரகம். இன்னொரு கடைக்காரர் முன்னால் இருப்பவற்றைப் பின்னால் மாற்றிவிட்டு, புதியவற்றை முன்னால் பூட்டலாம் என்றார். அது பெரும் பிழை. மார்கழி மழையில் கல்லடியில் வீதி நிறையத் தண்ணீர் நிற்கும்போது தேய்ந்த பின் டயர் பிடியை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். மீட்க நேரம் கிடைக்காது. (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளின் கதை வேறு, அவற்றில் நான்கின் தேய்மானமும் ஒத்திருக்க வேண்டும்.)

கடைக்காரர்கள் அளந்து காட்டிவிட்டு விலை சொல்லட்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் காட்டட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ‘புதிது’ என்று என்னிடம் நீட்டிய டயரில் இருந்தது அந்த இலக்கம்தான்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர்