ஃபோர்லானைத் தோற்றவர்கள் பட்டியலில் சேர்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் பெரும் பணம் கொடுத்து வாங்கி ஏமாந்துபோன ஆட்டக்காரர்கள் என்று சென்ற இதழில் பத்துப் பேரைப் பட்டியலிட்டிருந்தீர்கள். அதில் ஏழாவது இடத்தில் உருகுவேயின் டியெகோ ஃபோர்லான் பெயரைப் பார்த்ததும் மனம் ஆறவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக முதல் கோல் அடிக்கவே அவருக்கு எட்டு மாதம் ஆனது, 2004இல் ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதோடு அந்தப் பத்தி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அவர் ஆடினார். அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் அந்தப் பதினான்கு ஆண்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை.

முதலில் அந்த எட்டு மாதத்தையே பார்க்கலாம். 2002 ஜனவரியில், அர்ஜென்டினாவின் இந்திபெந்தியென்தே கிளப்பிலிருந்து சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கினார்கள். அங்கே பருவம் முடிந்த கையோடு, இங்கிலாந்தில் பாதிப் பருவம் ஓடிக்கொண்டிருந்தபோது, 22 வயதில் வந்து இறங்கினார். யுனைடெட்டின் முன்வரிசையில் அப்போது இருந்தவர் ரூட் வான் நிஸ்டல்ரூய். அடுத்த பருவத்தில் மட்டும் அவர் அடித்தது 44 கோல். அவரை உட்கார வைத்துவிட்டு எந்தப் பயிற்சியாளர் ஃபோர்லானை இறக்குவார்? ஆக, பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் மாற்று வீரராகத்தான் வந்தார். கடைசிப் பத்து இருபது நிமிடம், சில சமயம் அதற்கும் குறைவு.

முதல் கோல் 2002 செப்டம்பரில், இஸ்ரேலின் மக்காபி ஹைஃபாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டி) ஆட்டத்தில் பெனால்டி மூலம் வந்தது. வழக்கமாக அடிக்கும் பெக்கம் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா? ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகச் சமன் செய்த கோல், சவுத்தாம்ப்டனுக்கு எதிராகக் கடைசி நேர வெற்றி கோல், டிசம்பர் 1 அன்று லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டு கோல், ஜனவரியில் செல்சிக்கு எதிராகக் கடைசி நொடியில் ஒன்று. அந்தப் பருவம் பிரீமியர் லீக் பட்டம் யுனைடெட்டுக்குத்தான் வந்தது. இந்தக் கோல்களில் பெரும்பாலானவை புள்ளிக் கணக்கையே மாற்றியவை. ஆன்ஃபீல்டு ஆட்டத்துக்காக யுனைடெட் ரசிகர்கள் அவர் பெயரில் பாட்டே கட்டினார்கள். அவர் கிளப்பை விட்டுப் போன பிறகும் பல ஆண்டுகள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றிவிட்டுப் போனவரை யாரும் அப்படிப் பாடுவதில்லை.

2004இல் இளம் முன்வரிசை வீரர் ரூனி யுனைடெட்டுக்கு வந்ததும் ஃபோர்லான் வில்லாரியலுக்குப் போனார். ஐம்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர் அது. பயிற்சியாளர் சிலியின் மானுவேல் பெலெக்ரினி, நடுக்களத்தில் அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே. ஓடும் இடம் அறிந்து பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருவர் பின்னால் இருந்தால் ஃபோர்லான் என்ன செய்வார் என்று முதல் பருவத்திலேயே தெரிந்துவிட்டது. லீக்கில் 25 கோல். ஸ்பெயினில் அந்த ஆண்டு அவரைவிட அதிகமாக யாரும் அடிக்கவில்லை. ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோல் அடிப்பவருக்கான தங்கக் காலணியை ஆர்சனலின் தியேரி ஆன்றியுடன் பகிர்ந்துகொண்டார். வில்லாரியல் மூன்றாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது.

அடுத்த பருவத்தில் நடந்ததுதான் உங்கள் கட்டுரையாளர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. சாம்பியன்ஸ் லீக்கில் வில்லாரியலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஒரே பிரிவில் விழுந்தன. இரண்டு முறை மோதின, இரண்டும் கோல் இல்லாமல் சமன். முடிவில் வில்லாரியல் பிரிவில் முதலிடம், யுனைடெட் கடைசி இடம். ஃபோர்லானை அனுப்பிவிட்ட கிளப் குழு ஆட்டத்தோடு வெளியேறியது. அவர் ஆடிய சின்ன ஊர்க் கிளப், இன்டர் மிலானை வீழ்த்தி அரையிறுதிவரை போய், ஆர்சனலிடம் ஒரே கோலில் தோற்றது.

2007இல் அட்லெட்டிகோ மாட்ரிட். ஃபெர்னாண்டோ டோரஸ் விட்டுப்போன இடம். அந்தக் கிளப்பின் செல்லப்பிள்ளை இருந்த இடத்தில் போய் நிற்பது சாதாரணக் காரியம் இல்லை. 2008–09 பருவத்தில் லீக்கில் 32 கோல் அடித்தார். எட்டோவும் மெஸ்ஸியும் அதே லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள், பார்சிலோனா எல்லாக் கோப்பைகளையும் அள்ளிய ஆண்டு அது. இருந்தும் இரண்டாம் முறையாகத் தங்கக் காலணி ஃபோர்லானுக்கு. ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோபா லீக்கின் 2010 அரையிறுதியில் மறுபடியும் ஆன்ஃபீல்டு, கூடுதல் நேரத்தில் மறுபடியும் அவருடைய கோல், லிவர்பூல் வெளியே. ஹாம்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஃபுல்ஹாமை 2–1 என வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. இரண்டாவது 116ஆவது நிமிடத்தில் வந்தது. அட்லெட்டிகோவுக்கு 1962க்குப் பிறகு கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை அது.

அதற்கு அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. உருகுவே, மக்கள்தொகை 34 லட்சம் அளவில் உள்ள நாடு. பிளே-ஆஃப் ஆட்டத்தில் கோஸ்டாரிகாவை வென்றுதான் உள்ளேயே வர முடிந்தது. அரையிறுதியைப் பார்த்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் என்பதால் 'மாஸ்டர்' என்றே அழைக்கப்பட்ட பயிற்சியாளர் ஆஸ்கார் தபாரெஸ், ஃபோர்லானைக் கோல் வாயிலிலிருந்து பின்னுக்கு இழுத்து, சுவாரெஸ், கவானி இருவருக்கும் பின்னால் நிறுத்தினார். அங்கிருந்து பந்தைப் பிரித்துக் கொடுத்தார், மூலைப் பந்துகளை அடித்தார், தொலைவிலிருந்து கோலும் போட்டார்.

அந்த உலகக் கோப்பையில் பயன்படுத்திய ஜபுலானி பந்து நினைவிருக்கும். காற்றில் எங்கே திரும்பும் என்றே தெரியவில்லை என்று கோல்கீப்பர்கள் குறை சொன்னார்கள், ஃப்ரீகிக் அடிப்பவர்கள் பந்தை மேலே தூக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்லான் மட்டும் அந்தப் பந்தோடு சமாதானமாகிவிட்டவர் போல அடித்தார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தொலைவிலிருந்து வலது காலால் ஒன்று. நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் தொலைவிலிருந்து இடது காலால் ஒன்று. எந்தக் கால் அவருக்குப் பழக்கமான கால் என்று தடுப்பாட்டக்காரர் யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். காலிறுதியில் கானாவுடன் நடந்த ஆட்டம் என்றால் எல்லோரும் கோலுக்குப் போன பந்தை சுவாரெஸ் கையால் தடுத்ததைத்தான் பேசுகிறோம். அந்த ஆட்டத்தில் பின்தங்கியிருந்த உருகுவேயை ஃப்ரீகிக் மூலம் சமனுக்குக் கொண்டுவந்தவர் ஃபோர்லான். பெனால்டி சுற்றில் முதலாவதாக வந்து அடித்தவரும் அவரே. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனி 3–2 என முன்னிலையில் இருக்க, கடைசி உதையாக அவர் அடித்த ஃப்ரீகிக் மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மொத்தம் ஐந்து கோல். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, கோப்பை வென்ற ஸ்பெயினுக்கோ இரண்டாமிடம் வந்த நெதர்லாந்துக்கோ போகாமல், நான்காமிடம் வந்த உருகுவேக்காரருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2011 ஜூலையில், புவெனஸ் ஐரிஸில் நடந்த கோபா அமெரிக்கா (தென்னமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதி ஆட்டத்தில் பராகுவேயை உருகுவே 3–0 என வென்றது. அதில் இரண்டு கோல் ஃபோர்லானுடையது. அவருடைய தாய்வழித் தாத்தா ஹுவான் கார்லோஸ் கொராசோ 1967இல் பயிற்சியாளராக இதே கோப்பையை வென்றவர். அதே அணியில் அப்பா பாப்லோ ஃபோர்லான் ஆட்டக்காரர். மூன்று தலைமுறை, ஒரே கோப்பை. இப்படிச் சொல்லிக்கொள்ள உலகத்தில் எத்தனை குடும்பங்களால் முடியும்?

கால்பந்துக் குடும்பத்தில் பிறந்ததால் எல்லாம் சுலபமாக வந்தது என்று நினைக்க வேண்டாம். சிறுவயதில் அவர் டென்னிஸும் நன்றாக ஆடினார். 1991இல், அவருக்கு 12 வயதானபோது, அக்கா அலெஹாந்திரா ஒரு கார் விபத்தில் சிக்கி நடக்கும் திறனை இழந்தார். மருத்துவச் செலவு குடும்பத்தை அழுத்தியது. கால்பந்தாட்டக்காரனாகி அக்காவுக்குச் சிறந்த சிகிச்சை கிடைக்கச் செய்வேன் என்று அந்த வயதில் உறுதி எடுத்ததாக ஃபோர்லான் சொல்லியிருக்கிறார். அக்காவும் பின்னாளில் சாலைப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி உழைத்தார்.

இன்டர் மிலானில் சரியாக அமையவில்லை, அது உண்மை. பிறகு பிரேசில், ஜப்பான், அப்பா ஆடிய பெனியரோல் என்று போய், 2016இல் இந்தியன் சூப்பர் லீக்கில் மும்பை சிட்டி அணிக்காக இந்தியாவுக்கே வந்தார். அப்போது வேலை நிமித்தம் மும்பையில் இருந்ததால் அந்தேரி மைதானத்தில் அவர் ஆடியதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை 5–0 என வென்ற நாள் அது, அதில் மூன்று கோல் ஃபோர்லானுடையது. வயது 37. ஓய்வுக்கு முன் சம்பளத்துக்காக வந்து நின்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அவர் அப்படி ஆடவில்லை. பந்து தன்னிடம் இல்லாதபோதும் கையை நீட்டி இளம் வீரர்களுக்கு நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு லீக் சுற்றில் மும்பை முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கொல்கத்தாவிடம் தோற்றது வருத்தம்தான்.

நம் பத்திரிகைகள் இங்கிலாந்து லீக்கை வைத்தே எல்லோரையும் எடைபோடுவதில்தான் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் தொலைக்காட்சியில் அந்த லீக்கைத்தான் அதிகம் பார்த்து வளர்ந்தோம். அங்கே மின்னாதவர் நம் கண்ணில் படாமலே போய்விட்டார். மாற்று வீரராகக் கிடைத்த நிமிடங்களை வைத்து ஒரு தென்னமெரிக்க ஆட்டக்காரரின் வாழ்க்கையை முடித்துவைப்பது நியாயம் இல்லை. நாட்டுக்காக 112 ஆட்டம் ஆடி 36 கோல் அடித்தவர் அவர்.

எனவே அந்த ஏழாம் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் ஃபோர்லானைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையும் வேண்டும். வில்லாரியல் ஆண்டுகளுக்கு அதில் நிறைய இடம் ஒதுக்குங்கள். தாத்தா கொராசோவைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள், அவரைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி